வண்டிக்காரன் உட்கார்ந்த தோல்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காருக்கு சீட் கவர் தேர்ந்தெடுப்பது, கல்யாணப் புடவை எடுப்பதற்குச் சற்றும் குறையாத காரியம். கடைக்காரர் ஒன்றை விரித்துக் காட்டினால், அடுக்கில் அதற்குக் கீழே இருப்பதன் மேல்தான் கண் போகும். அண்மையில் நண்பர் ஒருவரோடு அங்கே போயிருந்தேன். அவரிடம் 1960களில் இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் செய்த எம்ஜிபி கார் ஒன்று இருக்கிறது. இரண்டே இருக்கை, மடக்கிக்கொள்ளும் கூரை, அடர்பச்சை நிறம். என்ஜினைச் சரிசெய்ய ஓராண்டு, பெயின்ட்டுக்கு ஆறு மாதம் என்று பொறுமையாக எல்லாவற்றையும் முடித்தவர், இருக்கைக்கு என்ன போடுவது என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார்.

“ஒரிஜினல் லெதர் இருக்கு சார், ரெக்ஸின் இருக்கு, ஸ்வேட் இருக்கு, துணி வேணும்னாலும் இருக்கு. எதுன்னு சொல்லுங்க” என்று கடைக்காரர் சாம்பிள் புத்தகத்தைத் தள்ளினார். உள்ளங்கை அகலத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெயர்: மொராக்கோ, நப்பா, ஸ்வேட், அல்கந்தாரா. நண்பர் நிறம் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு அது பழைய அட்லஸைப் புரட்டுவதுபோல் இருந்தது. இத்தனை ஊர்களும் ஒரு கார் இருக்கைக்குள் எப்படி வந்து சேர்ந்தன? அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. தேடத் தேட ஒன்று தெரிந்தது: அந்த விலாசங்களில் பாதி சரியானவை அல்ல.

மொராக்கோவையே எடுத்துக்கொள்வோம். மென்மையான ஆட்டுத்தோல், பெரும்பாலும் சிவப்பு. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகப் புத்தக அட்டைக்கும், செருப்புக்கும், பிறகு குதிரைவண்டி இருக்கைகளுக்கும் இதை விரும்பி வாங்கினார்கள். மொராக்கோத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியதால் அந்தப் பெயர். ஆனால் அதில் கணிசமான பகுதி மொராக்கோவில் பதனிட்டதே அல்ல. சகாராவுக்குத் தெற்கே, இன்றைய நைஜீரியாவின் வடபகுதியில் கானோ என்ற பழைய நகரம் இருக்கிறது. அங்கே ஹவுசா மக்கள் ஆட்டுத்தோலைப் பதனிட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். ஒட்டகச் சாத்துகள் அதைச் சுமந்து பாலைவனத்தைக் கடந்தன. கடைசியில் கைமாற்றிவிட்ட வியாபாரியின் ஊர்ப்பெயர் சரக்கில் ஒட்டிக்கொண்டது, வேலைசெய்த ஊரின் பெயர் மணலிலேயே நின்றுவிட்டது.

நம் ஊருக்கும் இதே கதை நேர்ந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து பதனிட்ட செம்மறித்தோல் மூட்டை மூட்டையாக லண்டனுக்குப் போனது. அங்கே தோல் வியாபாரிகள் அதை அழைத்த பெயர் ‘பெர்ஷியன்’. பாரசீகத்தில் பிறக்காத தோல் அது. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், சென்னைப் பெரியமேடு என்று பரவியிருந்த பதனிடும் குழிகளில் சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய், எண்ணெய் என்று வரிசையாக இறங்கி ஏறிய தோல். ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்டால் வெயில் பட்டதும் தோல் சிவந்துபோகும். பிறகு கடுக்காய் நீரிலும் எண்ணெயிலும் பக்குவப்படுத்தினால் நிறம் நிற்கும் என்று 1840களில் இங்கே முறையை ஒழுங்குபடுத்தியவர் சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர். வேலி ஓரத்தில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரை இப்படித்தான் லண்டன் ஏலக்கூடங்கள் வரைக்கும் போனது.

இனி குதிரைவண்டிக்கு வருவோம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பியச் செல்வர்களின் மூடுவண்டியில் இரண்டு இடங்கள். உள்ளே சீமான், வெளியே உயர்ந்த பலகையில் வண்டிக்காரன். உள்ளே கம்பளித் துணி, பட்டு, பூவேலை செய்த திரை. வெளியே தோல். காரணம் எளிது. வண்டிக்காரன் மழையில் நனைவான். துணி நனைந்தால் நாறும், தோலைத் துடைத்துவிடலாம். குளிர்நாட்டில் தோல் இருக்கை சில்லென்று உறையும், வழுக்கும், அசைந்தால் கிறீச்சிடும். கம்பளியோ வெதுவெதுப்பாக, சத்தமில்லாமல் உடம்பை ஏந்திக்கொள்ளும். ஆக தோல் என்பது வேலைக்காரர் உட்காரும் பொருள், துணிதான் எஜமானர் உட்காரும் பொருள்.

முதல் கார்களைக் கட்டியவர்களும் அதே வண்டிப் பட்டறைக்காரர்கள்தான். பழக்கம் அப்படியே தொடர்ந்தது. முன்னால் டிரைவருக்குத் தோல், பின்னால் முதலாளிக்குத் துணி. இதன் உச்சத்தை 1926இல் பார்க்கலாம். லண்டனில் வாழ்ந்த அமெரிக்கரான கிளாரன்ஸ் கேஸ்க், தன் மனைவிக்குப் பரிசளிக்க ஒரு ரோல்ஸ் ராய்ஸ் பேண்டம் காருக்குச் சொல்லிவைத்தார். அதன் பின்னறையை ஒரு பிரெஞ்சு அரண்மனைக் கூடம்போல் அமைத்தார்கள். இருக்கைக்குப் பிரான்சின் ஒபூஸோன் நகரில் நெய்த சித்திரக் கம்பளம். அந்த நெசவுக்கு மட்டும் ஒன்பது மாதம் பிடித்தது. இருந்ததிலேயே மேலான இருக்கை எது என்று கேட்டிருந்தால், அன்றைக்கு யாரும் தோல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு தோல் எப்படி மேலே ஏறியது? எனக்குத் தோன்றும் பதில் இது: முதலாளிக்குத் தானே ஓட்ட ஆசை வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்பது, உடைமைக்காரரே வண்டிக்காரனின் இடத்தில் போய் உட்கார்ந்த வண்டி. கூரை கிடையாது. மழை வரும், சேறு தெறிக்கும், எண்ணெய் படியும். அந்த இடத்துக்கு எது பொருத்தமோ அதுவே அங்கே இருந்தது. முதலாளி முன்னால் வந்து உட்கார்ந்ததும், வண்டிக்காரனின் தோலுக்கு அந்தஸ்து வந்துவிட்டது. வேகமும் இளமையும் செல்வமும் தோல் வாசனையோடு கலந்தன. பின்னாளில் கூரை வைத்த சாதாரண கார்கள் பெருகி, அவற்றில் மலிவான துணி நிறைந்தபோது தலைகீழ் மாற்றம் முழுமையடைந்தது.

இதற்குள் போலிகள் நெடுந்தூரம் வந்திருந்தன. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரம் அந்தக் காலத்தில் தோல் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே கிராக்கெட் என்ற குடும்பத்தார் துணியின்மேல் காய்ச்சிய எண்ணெய்ப் பூச்சைப் பல தடவை ஏற்றி, தோல்போலத் தோன்றும் ‘தோல்துணி’ செய்தார்கள். 1850களில் லண்டனுக்கு அருகே வெஸ்ட் ஹாமிலும் தொழிற்சாலை எழுந்தது. வியாபாரம் ஓங்கியதும், போட்டி நிறுவனம் ஒன்று அதேபோன்ற முத்திரையைக் குத்தி விற்றது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. நகலுக்கு ஒரு நகல், அதற்கொரு வழக்கு! 1863இல் நீதியரசர் வெஸ்ட்பரி பிரபு வாதியின் முத்திரையையே உற்றுப் பார்த்தார். அதில் ‘பதனிட்டது’, ‘காப்புரிமை பெற்றது’ என்று அச்சாகியிருந்தது. அந்தத் துணி பதனிட்டதே அல்ல. அந்தச் சரக்குக்கு அந்தக் காப்புரிமையும் பொருந்தாது. உண்மையில்லாததைச் சொல்லும் முத்திரைக்கு நீதிமன்றம் காவல் நிற்காது என்று தள்ளிவிட்டார். 1865இல் பிரபுக்கள் அவையும் முடிவை மாற்றவில்லை. வணிகமுத்திரைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தப் போலித் தோல் வழக்கை இன்றும் சந்திக்கிறார்கள்.

அடுத்த போலி, வெடிமருந்திலிருந்து வந்தது. 1840களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் வீட்டுச் சமையலறையில் சோதனை செய்துகொண்டிருந்தார். அமிலம் சிந்தியது. கைக்குக் கிடைத்த மனைவியின் பருத்தி மேலங்கியால் துடைத்து, அடுப்பருகே காயப் போட்டார். உலர்ந்ததும் துணி பளிச்சென்று எரிந்து, இருந்த இடம் தெரியாமல் மறைந்தது என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். பருத்தியும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்து பிறந்த அந்த வெடிபஞ்சு பீரங்கிகளுக்குப் போனது. அதையே கரைத்துக் குழம்பாக்கித் துணியின்மேல் பூசினால் பளபளப்பான தோல் போன்ற பரப்பு கிடைக்கும் என்று பிறகு கண்டுகொண்டார்கள். வெறும் பூச்சு விறைத்து வெடிக்கும். அது வளைந்துகொடுக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்தார்கள். பாட்டி வைத்தியத்து விளக்கெண்ணெய்தான். அதே காலத்தில் பந்தயக் கார் என்ஜின்களுக்கும் ஆமணக்கெண்ணெய் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயர் 1909இல் அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்தே பிறந்தது. முன்னால் என்ஜினிலும் பின்னால் இருக்கையிலும் ஒரே விதை.

அமெரிக்காவில் வெடிமருந்துக்குப் பேர்பெற்ற டூபான்ட் நிறுவனம், வெடிபஞ்சுக்கு வேறு பிழைப்புத் தேடி 1910இல் ஃபேப்ரிகாய்டு என்ற போலித்தோல் நிறுவனத்தை வாங்கியது. சில ஆண்டுகளில் அதற்குப் பெரிய வாடிக்கையாளர் கிடைத்தார்: ஜெனரல் மோட்டார்ஸ். 1917 முதல் 1919 வரை டூபான்ட் அந்த கார் நிறுவனத்தின் பங்குகளில் சுமார் 23 சதவீதத்தை வாங்கிவைத்தது. காருக்கு வண்ணப்பூச்சும் இருக்கைத் துணியும் விற்பவரே காரின் பங்குதாரரும் ஆனால் மற்றவர் எப்படிப் போட்டியிடுவது என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957இல் தீர்ப்பு டூபான்ட்டுக்கு எதிராக வந்தது. அந்தத் தீர்ப்பின் நடுவில் நிற்பவை இரண்டே பொருள்கள்: காரின் பூச்சும், காரின் துணியும். சமையலறையில் எரிந்த மேலங்கி எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்.

இங்கிலாந்தில் அதே வகைச் சரக்குக்கு மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் செய்தவர்கள் வைத்த பெயர் ‘ரெக்ஸின்’. பிறந்த நாட்டில் அந்தச் சொல்லை இப்போது பழைய கார் பிரியர்களும் புத்தகம் கட்டுபவர்களும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அது சாகவே இல்லை. ஆட்டோ சீட், பஸ் சீட், சினிமாக் கொட்டகை நாற்காலி, பள்ளிக்கூடப் பை எல்லாம் ரெக்ஸின். உள்ளே இருக்கும் ரசாயனம் எத்தனையோ முறை மாறிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. ‘குஷன் ஒர்க்ஸ்’ என்று பலகை மாட்டிய எந்தக் கடையிலும் இன்றும் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

இந்தத் தோல்துணி இருக்கையோடு நிற்கவில்லை, காரின் வெளிப்புறத்துக்கே போனது. ஹைட்டியில் பிறந்த விமானி சார்லஸ் வேமன், 1911இல் கார்டன் பென்னட் கோப்பை விமானப் பந்தயத்தை வென்றவர். விமானத்தின் உடல் மரச்சட்டமும் துணியுமாக இலேசாக இருக்கிறதே, காரை ஏன் அப்படிக் கட்டக்கூடாது என்று யோசித்தார். 1920களில் அவர் முறைப்படி மரச்சட்டத்தின்மேல் பஞ்சு வைத்து, தோல்துணி போர்த்திய கார்கள் பல ஓடின. அந்தக் காலப் பந்தய பென்ட்லிகள் பலவற்றின் உடலும் துணி போர்த்தியதே. உள்ளே உட்காருமிடத்தில் தோல், வெளியே மழை விழுமிடத்தில் துணி. குதிரைவண்டியின் கணக்கு இங்கே அப்படியே தலைகீழ்.

உண்மைத் தோலின் பயணமும் இதற்கிடையே வேகம் பிடித்திருந்தது, ஓர் உள்ளாடைப் பிரச்சினையால். பெண்கள் அணிந்த இறுக்கமான கச்சுகளில் எஃகுப் பட்டைகள் உண்டு. அவற்றைப் படிகாரத்தில் பதனிட்ட தோலால் போர்த்துவார்கள். வியர்வை பட்டால் எஃகு துருப்பிடித்தது. கச்சு வியாபாரி ஒருவர் நியூயார்க்கில் சாயம் விற்றுக்கொண்டிருந்த வேதியியலாளர் அகஸ்டஸ் ஷுல்ட்ஸிடம் வழி கேட்டார். ஷுல்ட்ஸ் குரோமிய உப்பில் தோலைப் பதனிட்டு 1884இல் காப்புரிமை பெற்றார். பட்டை முறையில் மாதக்கணக்கில் நடக்கும் வேலை நாள்கணக்குக்குச் சுருங்கியது. கொதிநீரையும் தாங்கும் தோல் கிடைத்தது. ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் ஃபோர்டரர் அதற்கு எண்ணெய்க் குழம்பூட்டிப் பட்டுபோல் மென்மையாக்கினார். அவருக்கும் அவர் வழி வந்தவர்களுக்கும் வேண்டிய ஆட்டுத்தோலில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, அதுவும் பதனிடாத பச்சைத்தோலாகவே போனது.

சென்னைப் பதனிடுவோருக்கு அது பலத்த அடி. ஆவாரம்பட்டைத் தோலைக் கேட்டவர்கள் பச்சைத்தோல் போதும் என்று சொல்லத் தொடங்கினார்கள். 1903இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அரசின் ஆதரவோடு குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்குப் பேர் குரோம்பேட்டை. நாள்தோறும் மின்சார ரயிலில் அந்த நிலையத்தைக் கடக்கும் எத்தனையோ பேர், அமெரிக்கக் கச்சுப் பட்டையில் பிடித்த துருவோடு தங்கள் ஊர்ப்பெயருக்கு உறவு உண்டு என்று அறிந்தால் வியப்பார்கள். ஒரு தொழில் உப்பின் பெயரை ஊராகவே சூட்டிக்கொண்ட இடம் வேறெங்கும் இருக்கிறதா என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாம்பிள் புத்தகத்தில் பார்த்த நப்பாவுக்கு விலாசம் சரி. கலிஃபோர்னியாவின் நாபா ஊரில் சாயர் பதனிடு நிலையத்தில் 1875இல் இமானுவேல் மனாஸே உருவாக்கிய மென்தோல் அது. கார்த்தோலுக்கே பேர்போன லண்டன் கானலி குடும்பத்தின் தொடக்கமோ இன்னும் எளிமையானது. 1878இல் இரு சகோதரர்கள் காத்திருக்கும்போதே செருப்புத் தைத்துத் தரும் கடை வைத்தார்கள். பிறகு குதிரைச் சேணம், பிறகு வண்டி, பிறகு ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார், ஃபெராரி. பிரிட்டிஷ் நாடாளுமன்ற இருக்கைகளுக்கும் அவர்களுடைய தோல்தான் போனது. இந்த வகை வேலைக்குக் குளிர்நாட்டுக் காளைத்தோலைத் தேடுவார்கள். அங்கே பூச்சிக்கடி குறைவு. பசுவின் தோலில் கன்று சுமந்த வரி விழுந்திருக்கும். முள்வேலியில் உரசிய தழும்புகூட இருக்கையில் தெரிந்துவிடும்.

தோலுக்குக் கீழே என்ன என்பதற்கும் ஒரு கதை உண்டு. நெடுங்காலம் அங்கே இருந்தது குதிரைமுடி. அது நகராமலிருக்கத்தான் பொத்தான் பொத்தானாக இழுத்துத் தைத்தார்கள். இன்றைய விலையுயர்ந்த கார்களில் அழகுக்காகத் தைக்கும் வைரக்கட்டங்கள் அந்தத் தேவையின் மிச்சம். 1929இல் பர்மிங்ஹாமில் டன்லப் நிறுவனத்து மர்ஃபி என்பவர் ரப்பர் பாலைச் சமையலறைக் கலக்கியால் நுரைக்க அடித்து உறையவைத்தார். ஃபோம் பிறந்தது. டன்லப்பின் ரப்பர் தோட்டங்கள் மலாயாவில் இருந்தன. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். ஐரோப்பியச் சாலைகளில் பாய்ந்த கார்களின் மெத்தைகளுக்குள் அவர்கள் வாளியில் சேர்த்த பாலும் இருந்திருக்கும்.

போருக்குப் பிறகு துணி மறுபடி தலைநீட்டியது. 1954இல் நியூயார்க்கில் அறிமுகமான மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் கதவுகள் பறவைச் சிறகுபோல் மேலே திறந்தன. உலகமே வியந்த அந்தக் காரில் வழக்கமாகக் கொடுத்தது கட்டம்போட்ட துணி இருக்கை. தோல் வேண்டுமென்றால் தனிக்காசு. போர்ஷே 1960களில் ‘பெபிட்டா’ என்ற சிறுகட்டத் துணியைப் போட்டது. பெபிட்டா ஒரு பெண்ணின் பெயர். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1850களில் ஜெர்மன் நகரங்களை ஆடி மயக்கிய நடனக்காரி ஹோசெஃபா துரான். அவர் உடுத்திய கட்டம் அவர் செல்லப்பெயரால் நிலைத்தது. கட்டமோ அவரைவிட மிகப் பழையது. அதன் நெருங்கிய உறவான ஒரு கட்டத்தோடு, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய மேலங்கி ஒன்றை 1920இல் ஸ்வீடனின் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் பெருங்கட்டமும் பின்தொடர்ந்தது. கலகத்துக்குத் தண்டனையாக 1746இல் பிரிட்டிஷ் அரசு அந்தக் கட்டம் போட்ட உடையைத் தடைசெய்தது. 1782இல் தடை நீங்கியது. அதற்குள் பழைய கட்டங்களின் நினைவே மங்கியிருந்தது. அந்த வெற்றிடத்தில் இரு சகோதரர்கள் தோன்றி, தாங்கள் ஸ்டூவர்ட் அரச வம்சத்தினர் என்றும், குலக்கட்டங்களைப் பட்டியலிட்ட பழஞ்சுவடி தங்களிடம் இருக்கிறது என்றும் சொல்லி 1842இல் அதை நூலாக்கினார்கள். இரண்டும் புனைவு. ஆனால் மக்கள் அந்தக் கட்டங்களை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள், இன்றும் உடுத்துகிறார்கள். 1974இல் போர்ஷேயின் முதல் 911 டர்போ, நிறுவனரின் மகள் லூயிஸ் பியெஹுக்கு எழுபதாம் பிறந்தநாள் பரிசாகப் போனபோது அதன் இருக்கைகளில் ஸ்காட்டியக் கட்டம் இருந்தது.

1976இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் கட்டத்தைத் தேர்ந்தவர் கன்ஹில்ட் லில்யேக்விஸ்ட். பீங்கானில் சித்திரம் எழுதப் பயின்று, 1964இல் அந்த நிறுவனத்தின் துணி–வண்ணப் பிரிவில் சேர்ந்தவர். லண்டனில் பார்த்த நல்ல துணிகள் மனதில் இருந்தன. கறுப்பும் சிவப்பும் கலந்த கட்டத்தை எடுத்தார். கியர் குமிழுக்கு ஒரு கோல்ஃப் பந்தை வைத்தால் என்ன என்று கேட்டவரும் அவரே. ஆண்கள் என்ஜின் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க, அந்தக் காரின் முகவரியாக நிலைத்தவை ஒரு பெண் தேர்ந்த துணியும் ஒரு பந்தும். கார் வரலாற்று நூல்களில் அவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நெகிழியும் தன் பங்குக்கு வந்தது. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன், உலோகத்தோடு ரப்பரை ஒட்டப் பசை தேடினார். பசை கிடைக்கவில்லை, வளைந்துகொடுக்கும் பிவிசி கிடைத்தது. வெடிபஞ்சுப் பூச்சின் இடத்தை அது மெல்லப் பிடித்தது. கனெடிகட் மாநிலத்து நாகடக் ஊரில் செய்ததற்கு நாகஹைடு என்று பேர் வைத்தார்கள். 1960களில் விளம்பரக்காரர்கள் ‘நாகா’ என்று ஒரு மிருகத்தையே கற்பனை செய்தார்கள். அது தன் தோலை நோகாமல் உரித்துத் தரும் நல்ல பிராணி! 1970களின் நடுவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்டோபா காரில் ‘கொரிந்தியத் தோல்’ இருப்பதாக நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பானின் கனிந்த குரலில் சொல்லவைத்தது. கிரேக்க நகரான கொரிந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளம்பர நிறுவனம் கட்டிய சொல் அது, தோல் பதனிட்டது நியூவார்க்கில். இதில் எனக்கு மனம் நிறைந்த விஷயம் வேறு. காரின் பெயரைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். ஸ்பெயினின் கொர்தோபா நகரம் இடைக்காலத்தில் தோலுக்கே உலகப் பேர்பெற்றது. ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவருக்கு இருந்த பழைய பெயர்கூட அந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான். உண்மையான தோல் நகரத்தின் பெயரை மூடியில் சுமந்த கார், கற்பனைத் தோல் நகரத்தை விளம்பரம் செய்தது.

மிச்சமிருப்பவை ஸ்வேட்டும் அல்கந்தாராவும். ஸ்வேட் என்றால் பிரெஞ்சில் ஸ்வீடன். அங்கிருந்து பாரிசுக்கு வந்த, உட்புறம் வெளித்தெரியும் மெல்லிய கையுறைகளால் அந்தப் பெயர். அதைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ ஒரு வழி கண்டார். ஒரு நூலுக்குள் பல நுண்ணிழைகளைக் கடலுக்குள் தீவுகள்போல் பொதிந்தார். பிறகு கடலை மட்டும் கரைத்துவிட்டார். எஞ்சிய தீவுகள் தலைமுடியைவிட மிக மெல்லியவை. இத்தாலியரோடு கூட்டுச் சேர்ந்து 1972இல் உம்ப்ரியா பகுதியில் நிறுவனம் தொடங்கினார்கள். வைத்த பெயர் அல்கந்தாரா. அரபியில் ‘பாலம்’ என்று பொருள்படும் சொல். ஜப்பானியர் கண்டது, இத்தாலியர் செய்தது, அரபிப் பெயர் கொண்டது. வெயிலைத் திருப்பிக் கண்ணில் அடிக்காது, கையும் உடம்பும் வழுக்காது. அதனால் பந்தயக் கார்களின் ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் இடம்பிடித்தது. தோலைவிட இலேசு என்பதும் சேர்ந்தது. எடையைக் குறைப்பதில் 1987இன் ஃபெராரி எஃப்40 எல்லை வரை போனது. தரைவிரிப்பு இல்லை, ரேடியோ இல்லை, கதவைத் திறக்க ஒரு கம்பிக்கயிறு, இருக்கையில் சிவப்புத் துணி.

இப்போது வட்டம் இன்னொரு சுற்று வருகிறது. 2019இல் போர்ஷே தன் மின்சார டைகன் காரைத் தோலே இல்லாத உள்ளுடையோடு வாங்கலாம் என்றது. மறுசுழற்சி பாலியெஸ்டர் கலந்த துணிக்கு ரேஸ்டெக்ஸ் என்று பேர். ரேஞ்ச் ரோவரில் தோலுக்குப் பதில் கம்பளி கலந்த துணியை விலை கூட்டி விற்கிறார்கள். வண்டிக்குள்ளிருந்த சீமானின் கம்பளி திரும்பி வந்திருக்கிறது. தோல் பதனிடுவோரும் மாறிவிட்டார்கள். கண்ணாடிக்குள் கொதிக்கும் டாஷ்போர்டில் சுருங்காமலிருக்க, கார்த்தோலில் கணிசமான பகுதியை இன்று குரோமியம் இல்லாமலே பதனிடுகிறார்கள். குரோம்பேட்டை மட்டும் குரோம்பேட்டையாகவே இருக்கிறது.

நண்பரின் காருக்கே திரும்புகிறேன். எம்ஜிபி 1962இல் வந்தபோது அதன் இருக்கையில் உடம்பு படும் இடங்களில் தோல், பக்கங்களில் ரெக்ஸின் வகை. 1960களின் முடிவில் முழுக்க வினைல். 1970களின் பின்பாதியில் பிரிட்டனில் விற்றவற்றுக்குக் கடற்கரைச் சாய்வு நாற்காலிபோலக் கோடுபோட்ட நைலான் துணி. 1980இல் நிறுத்தும்வரை அந்த ஒரு கார் மூன்று உடை மாற்றிவிட்டது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல நண்பருக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் அபிங்டன் வழியே நல்லது என்று முடிவு செய்தார். உட்காரவும் சாயவும் தோல், மற்ற இடங்களுக்கு ரெக்ஸின்.

தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ராணிப்பேட்டை என்றார் கடைக்காரர். தையல்காரப் பெரியவர் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். திறந்திருந்த காரைச் சுற்றிப் பார்த்தார். மடித்துவைத்த கூரையைத் தொட்டார், இருக்கையில் கைவைத்து அழுத்தினார். பிறகு ஓரத்துப் பைப்பிங் என்ன நிறம் என்றுகூடக் கேட்காமல், முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டார்:

“மழையில நிறுத்துவீங்களா சார்?”